வாரிசாக வந்த .22 டார்கெட் பிஸ்டல்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் உட்பட, கடற்காற்று படும் வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ விட்டுச் சென்ற .22 டார்கெட் பிஸ்டலை (குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான கைத்துப்பாக்கி) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அவை வெளிநாட்டுத் தயாரிப்புகள்: வால்தர், ஹேமர்லி, ஸ்மித் அண்ட் வெஸன், ஹை ஸ்டாண்டர்டு, யூனிக். 1980களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. பெயர் பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் பிஸ்டலில் ஒரு பாகம் உடைந்தால் கடையில் போய் இன்னொன்று வாங்கிவிட முடியாது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: துருவும் தேய்மானமும் வராமல் பார்ப்பது, வந்த பிறகு சரிசெய்வதைவிடப் பல மடங்கு சுலபம்.

அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. பிஸ்டல் பீரோவிலேயே இருக்கிறது. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

எண்ணெய், பிரஷ் எல்லாம் அப்புறம். முதலில் சட்டம். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் போனதும் அந்த பிஸ்டலையும் தோட்டாக்களையும் வீட்டில் வைத்திருக்கும் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைப்பது பறிகொடுப்பது ஆகாது. ரசீது தருவார்கள். உங்களுக்கு லைசென்ஸ் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று பயந்து இன்னும் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் லைசென்ஸ் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு நேராகப் போய்ப் பேசுங்கள். பிஸ்டலை முதல் தடவையே கையில் எடுத்துப் போக வேண்டியதில்லை. எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதன்படி செய்யுங்கள்.

லைசென்ஸுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் சட்டபூர்வ வாரிசுகளுக்கென்று தனி விதியே இருக்கிறது. வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவதும் முக்கியம். அண்ணன் துபாயிலும் தங்கை சென்னையிலும் இருந்தால் இதற்குத்தான் நாள் பிடிக்கும். எனவே இதை முதலில் தொடங்குங்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரிசாக வருவதும் இந்தக் கணக்கில் அடங்கும். ரைபிள் கிளப் உறுப்பினருக்கு இதில் விலக்கு உண்டே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பிரிவு சொல்வது குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கான .22 ரைபிளையும் ஏர் ரைபிளையும். பிஸ்டலை அல்ல.

காலியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டில் யாருக்கும் துப்பாக்கி பழக்கமில்லை.

பழக்கமில்லை என்றால் நீங்கள் பார்க்க வேண்டாம். காவல் நிலையத்துக்கோ ஆயுதக் கடைக்கோ சொல்லி, தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். அதுவரை பீரோவைப் பூட்டி, சாவியை ஒருவர் மட்டும் வைத்திருங்கள்.

பழக்கம் உள்ளவருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: வரிசை மாறக்கூடாது. குழல் பத்திரமான திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே. முதலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் ஸ்லைடையோ போல்ட்டையோ (முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவை ஏற்றும் இரும்புப் பகுதி) பின்னால் இழுக்க வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிக்கொள்ளும். ஒன்று விழுந்ததைப் பார்த்தவர் காலி என்று நம்பிவிடுவார். விபத்துகள் நடப்பது அங்கேதான். ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, டார்ச் அடித்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். .22 தோட்டாவின் விளிம்பு மெல்லியது. மங்கிய பித்தளை, கருத்த இரும்போடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எந்தத் தோட்டா போடும் பிஸ்டல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘.22’ என்றால் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. குழலின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் பாருங்கள். பெரும்பாலானவை .22 லாங் ரைபிள். பெயரில் ரைபிள் இருந்தாலும் அது தோட்டா வகையின் பெயர்தான். ஜெர்மன் பிஸ்டல்களில் ‘22’ எண்ணுக்குப் பின்னால் எல், எஃப், பி என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அதுவும் லாங் ரைபிள்தான். ஆனால் ரேபிட் ஃபயர் (வேகமாகச் சுடும்) போட்டிக்காகச் செய்த பழைய பிஸ்டல்கள் .22 ஷார்ட் தோட்டாவுக்கானவை. 2005இல் விதி மாறும்வரை அந்தப் போட்டியில் ஷார்ட் தோட்டாதான் புழக்கத்தில் இருந்தது. வால்தரில் ஜி.எஸ்.பி. லாங் ரைபிளுக்கு, அதே உடம்பில் வரும் ஓ.எஸ்.பி. ஷார்ட்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடப் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது.

உங்களுடையது ஷார்ட் என்றால் தோட்டா கிடைப்பது கஷ்டம். அதற்காக யாராவது சேம்பரைக் குடைந்து லாங் ரைபிள் போடும்படி மாற்றித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஷார்ட்டுக்கான ஸ்பிரிங்கும் ஸ்லைடும் லாங் ரைபிளின் அடியைத் தாங்காது. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றமும்கூட.

பொறிப்பைப் பார்க்கும்போதே வரிசை எண்ணையும் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள். பழைய புத்தகங்களில் 3, 8 மாறி எழுதியிருப்பது உண்டு. அதை மாற்றிக்கொள்ள நல்ல நேரம் லைசென்ஸ் பெயர் மாறும்போதுதான்.

தாத்தா வைத்திருந்த தோட்டாப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதைச் சுட்டுத் தீர்த்துவிடலாமா?

வேண்டாம். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் இருந்த தோட்டா பல பத்து வருடம் தாங்கும். இந்தக் கடற்கரையில் பீரோ மேல்தட்டில் இருந்தது அப்படித் தாங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி, பித்தளையில் பச்சைப் பூப்பு, விளிம்பில் கருப்புப் புள்ளி, இவற்றில் எது இருந்தாலும் முடிந்தது. ரிம்ஃபயர் எனப்படும் இந்த .22 வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஈரம் உள்ளே போனால் சில வெடிக்காது, சில அரைகுறையாக வெடித்துக் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும்.

மிகப் பழைய தோட்டாக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பொட்டாசியம் குளோரேட் கலந்த பழைய மருந்து வெடித்த பிறகு குழலுக்குள் உப்பு படிந்துவிடும். வெளியில் கடலும் உள்ளே இதுவும் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் குழல் கெடும்.

இந்தத் தோட்டாக்களையும் பிஸ்டலோடு சேர்த்து எண்ணிக்கை எழுதி ஒப்படையுங்கள். கடலில் வீசுவது, மண்ணில் புதைப்பது, குப்பையில் போடுவது எதுவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வீட்டில் இருந்தாலும் அது சட்டப்படி பிரச்சினைதான்.

எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன், அப்படியும் ஸ்லைடு ஓரத்தில் துரு வருகிறது. ஏன்?

நம் ஊருக்கே உரிய கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனைக்கூடம் வைத்த இடம் மண்டபம் முகாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட காற்றில் நீங்கள் ஒரு நீலம் பூசிய இரும்பை வைத்திருக்கிறீர்கள். அந்த நீலம் அழகுக்கும் கொஞ்சம் எண்ணெய் பிடித்து நிற்பதற்கும் உதவும். அதுவே துருவைத் தடுக்காது.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அது ஏறக்குறைய 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கரையில் 33 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். எனவே மழைக்காலம் முடிந்துவிட்டது, வெயில் அடிக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் ஒன்று ஸ்லைடில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் புள்ளி சித்திரையிலும் ஈரமாகவே இருக்கும்.

அந்த உப்பின் மேல் எண்ணெய் தடவினால் என்ன ஆகும்? உப்பும் ஈரமும் எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக மாட்டிக்கொள்ளும். எண்ணெய் போட்டும் துரு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. விரல் ரேகை அப்படியே துருவாகத் தெரிந்த பிஸ்டல்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் எண்ணெய்க்கு முன்னால் உப்பை எடுக்க வேண்டும். மெல்லிய பருத்தித் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பிஸ்டலின் வெளிப்புற இரும்பு முழுவதையும் துடையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரே உப்பு. துடைத்த உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்தால் மிச்ச ஈரமும் போய்விடும். அதன் பிறகு எண்ணெய். இந்த மூன்று படிகளை மாதம் ஒரு முறையும், ரேஞ்சிலிருந்து (சுடும் பயிற்சித் தளம்) வந்த ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

யாரும் பார்க்காத இடம் கைப்பிடிக்கு அடியில். டார்கெட் பிஸ்டல்களின் மரக் கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்தும்படி பெரிதாக இருக்கும். வியர்வை அதன் ஓரமாக இறங்கி உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தில் தேங்கும். திருகைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துப் பார்த்தால், வெளியே பளபளப்பாக இருக்கும் பிஸ்டல் உள்ளே செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கழற்றுங்கள். அந்த உள்பக்க இரும்புக்கு எண்ணெயைவிட மெழுகு நல்லது, மரத்துக்குள் ஊறாது. மரத்துக்கு எப்போதாவது ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் போதும்.

எதில் வைப்பது? தோல் உறையோடுதான் வந்தது.

தோல் உறையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிஸ்டலை அதில் வைக்காதீர்கள். தோல் பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியும் அப்படித்தான், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; ரேஞ்சுக்குக் கொண்டுபோக மட்டும் அது. வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள், ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், துருத்தடுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். மோட்டார் உதிரிப் பாகங்கள் சுற்றி வரும் வி.சி.ஐ. தாள்தான் அது. கூடவே நிறம் மாறும் சிலிகா ஜெல். ஆரஞ்சு நிறம் பச்சையானால் சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் வேண்டாம், அதற்கென்று ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்த சுவரில் பெட்டியை வைக்காமல் வீட்டின் நடு அறையில் வைத்தால் பாதி வேலை குறையும்.

தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில்.

தேங்காய் எண்ணெய் போடலாமா? தையல் மெஷின் எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. சில மாதத்தில் காறிப்போய்ப் பிசினாகி, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளையை அடைத்துவிடும். நல்லெண்ணெயும் அப்படியே. தையல் மெஷின் எண்ணெய் சுத்தமான மெல்லிய மினரல் எண்ணெய். ஸ்லைடு ஓடும் தண்டவாளத்துக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் துருவிலிருந்து காப்பாற்றும் சக்தி அதற்குக் குறைவு, சீக்கிரம் வழிந்துவிடும். வெளிப்புறத்துக்குத் துருத்தடுப்பு சேர்த்த துப்பாக்கி எண்ணெய் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் அதையே நிரந்தரப் பூச்சாக நம்பக்கூடாது.

எந்த எண்ணெயாக இருந்தாலும் கொஞ்சம்தான். சேம்பருக்குள்ளும் மேகசினுக்குள்ளும் எண்ணெய் நிற்கக்கூடாது. எண்ணெய் தோட்டாவின் விளிம்புக்குள் கசிந்தால் மருந்து செத்துவிடும். அதோடு, எண்ணெயில் மணல் ஒட்டினால் அது அரைக்கும் பசைதான்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டுமா?

இதில் நிபுணர்களே சண்டை போடுவார்கள். என் கருத்து: குழலைக் குறைவாக, மற்ற இடங்களை அதிகமாக. .22 ஈயக் குண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது குழலுக்குள் மெல்லிய படலமாகப் படிந்து நிற்கும். அந்தப் படலம் இருக்கும்போதுதான் குழல் ஒரே மாதிரி சுடும். தினமும் பித்தளை பிரஷால் தேய்த்தால் நன்மையைவிடக் குழல் வாய்க்கு வரும் சேதம் அதிகம். பல பழைய குழல்கள் தோட்டாவால் தேய்ந்ததைவிடக் கிளீனிங் ராடால் தேய்ந்ததே அதிகம். சுட்டு முடித்ததும், எண்ணெய் தொட்ட ஒரு துணித் துண்டை சேம்பர் பக்கத்திலிருந்து இழுத்துவிட்டால் போதும். நம் ஊர் ஈரத்துக்கு அந்த ஒரு துண்டு அவசியம். உலர்ந்த ஊர்க்காரர்கள் அதையும் செய்ய மாட்டார்கள். அடுத்த முறை சுடும் முன் உலர்ந்த துண்டால் அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

உங்கள் கவனம் போக வேண்டியது சேம்பர் வாய், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, போல்ட்டின் முகம். இங்கேதான் கரியும் மெழுகும் கெட்டியாகச் சேரும். பழைய டூத் பிரஷ், சில துளி மண்ணெண்ணெய் அல்லது துப்பாக்கி சால்வென்ட், கொக்கிக்கு அடியில் சுரண்ட ஒரு மூங்கில் குச்சி. ஊசி, குண்டூசி வேண்டாம். மண்ணெண்ணெய் பயன்படுத்தினால் அதை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் எண்ணெய் போட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள்.

தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகலாமா?

ஏர் பிஸ்டல் பழகியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பைத் தாக்குகிறது. தோட்டா இல்லாவிட்டால் அது சில பிஸ்டல்களில் நேராக சேம்பரின் ஓரத்தில் மோதும். டார்ச் அடித்து சேம்பர் வாயைப் பாருங்கள். வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சிறிய பள்ளமும், பள்ளத்துக்கு அடுத்தாற்போல உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளி இரும்பும் தெரிந்தால், முன்னவர் நிறைய வெற்று இழுப்பு இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் துளி இரும்புதான் தோட்டா உள்ளே போகாமலும் வெளியே வராமலும் தகராறு செய்யும். நல்ல ஆயுதப் பழுதுக்காரர் அதற்கான கருவியால் அழுத்தி உருவத்துக்குக் கொண்டுவருவார். நீங்கள் அரம் போடாதீர்கள்.

பழக வேண்டுமானால் .22 ஸ்நாப் கேப் என்ற போலித் தோட்டா வாங்குங்கள். இல்லையென்றால் சுட்ட வெற்றுக் கூட்டைப் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் அதைச் சற்றுத் திருப்பி வைத்துப் பழகலாம். அந்த அறையில் வெடிக்கக்கூடிய ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

சரி, எந்தத் தோட்டா வாங்குவது? வேகமானது நல்லதா?

ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (சாதாரண வேகம்), 40 கிரெய்ன் ஈயக் குண்டு. பழைய டார்கெட் பிஸ்டலுக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. 40 கிரெய்ன் என்பது சுமார் 2.6 கிராம்.

காரணம் இரண்டு. முதலாவது, பிஸ்டலின் உடம்பு. பின்னால் வரும் ஸ்லைடைத் தாங்கித் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை வடிவமைத்தவர்கள் இந்த வேகத்தை மனதில் வைத்தே செய்தார்கள். சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி நொடிக்கு 1,070 அடி என்று பெட்டியில் போட்டிருக்கும், அதாவது சுமார் 326 மீட்டர். அதே கம்பெனியின் மினி-மேக் 1,235 அடி, ஸ்டிங்கர் 1,640 அடி. வேகம் கூடும்போது ஸ்லைடு பின்னால் வந்து மோதும் அடியும் கூடும். நாற்பது வருடம் அழுந்தித் தளர்ந்த ஸ்பிரிங் அந்த அடியைத் தாங்காமல் ஸ்லைடும் பிஸ்டலின் அடிச்சட்டமும் இரும்போடு இரும்பாக மோதும். ஒரு நாள் விரிசல் விடும். பழைய ஹேமர்லியில் விரிசல் விட்ட ஸ்லைடுக்குப் பதில் ஸ்லைடு எங்கே தேடுவீர்கள்? ஸ்டிங்கரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதன் பித்தளைக் கூடு வழக்கமான லாங் ரைபிளைவிட நீளம். டார்கெட் பிஸ்டலின் போட்டிக்கென்று இறுக்கமாகச் செய்த மேட்ச் சேம்பரில் அதைப் போடவே கூடாது.

இரண்டாவது காரணம் குறி. 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 349 மீட்டர். ஸ்டாண்டர்டு தோட்டா எப்போதும் அதற்குக் கீழே. வேகத் தோட்டா ஒலியைத் தாண்டிக் கிளம்பி, காற்றில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது குலுங்கும். தாளில் ஓட்டை போடுவதற்கு வேகம் எதற்கு?

ரொம்ப மெதுவானதும் உதவாது. சத்தம் குறைவு என்று விற்கும் 710 அடி வேகத் தோட்டாவால் ஸ்லைடை முழுதாகப் பின்னால் தள்ள முடியாது. ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்க வேண்டிவரும். முனையில் குழி உள்ளதையும் தவிருங்கள். மேகசினிலிருந்து ஏறும்போது அந்த முனை தட்டும். வழுவழுப்பான உருண்டை முனை ஈயக் குண்டுதான் இந்த பிஸ்டல்களுக்குப் பிடித்தது.

பிராண்டு என்று கேட்டால், ஈலி, எஸ்.கே., லபுவா, ஆர்.டபிள்யூ.எஸ்., சி.சி.ஐ. எல்லாம் பெயர் பெற்றவை. பிஸ்டலுக்கென்றே செய்த ‘பிஸ்டல் மேட்ச்’ வகைகளை ஈலியும் எஸ்.கே.யும் விற்கின்றன. ஈலியின் விலையுயர்ந்த டெனெக்ஸ் தேவையா? 25 மீட்டர் துல்லியச் சுற்றுத் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். சுமாரான டார்கெட் தோட்டாவே அதற்குள் வசதியாக விழும். வளையத்துக்கு வெளியே போவது நம் கையால்தான். அந்தப் பணத்துக்கு இரண்டு மடங்கு தோட்டா வாங்கிப் பயிற்சி செய்வது நல்லது. எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸில் எழுதியிருக்கும். வாங்கிய ஒவ்வொன்றையும் கடைக்காரர் பதிவு செய்வார்.

என் பிஸ்டலுக்கு எது ஒத்துவரும் என்று எப்படிச் சோதிப்பது?

மூன்று வகை வாங்கி ரேஞ்சுக்குப் போங்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். பிஸ்டல் காலியாக, பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக, அசல் லைசென்ஸ் கூடவே. வழியில் டீக்கடையில் நிறுத்தினால் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தடையில்லாமல் ஓடுகிறதா என்பது. எவ்வளவு நெருக்கமாகச் சுட்டாலும் மேகசினுக்கு ஒரு தடவை சிக்கும் தோட்டா உதவாது. ஓடுகிறது என்றால், மணல் மூட்டையில் கையைத் தாங்கி, 25 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுடுங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்து, இருபது தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு; குழல் புதிய மெழுகுக்குப் பழக வேண்டும். பெட்டியின் மேல் லாட் நம்பர் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) இருக்கும். பிடித்துப்போனால் அதே லாட்டில் இன்னும் கொஞ்சம் வாங்கி வையுங்கள்.

தோட்டா கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை, மெழுகு இளகியிருக்கிறது. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் அந்த மெழுகு பெட்டிக்குள்ளேயே வழிந்துவிடும். அப்புறம் ஒரு பக்கம் மெழுகோடும் ஒரு பக்கம் இல்லாமலும் போகும் குண்டுகளிடம் குறியை எதிர்பார்க்க முடியாது. காரில் ஏறும்போது தோட்டாப் பெட்டியை உங்கள் காலடியில் ஏசி படும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று மணல். பிசுபிசுத்த குண்டு மணலில் விழுந்தால், கையில் எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: ஈயத்தைச் சுற்றிப் பளபளவென்று துகள்கள் ஒட்டியிருக்கும். கடற்கரை மணலில் இரும்பைக் கீறும் கடினமான படிகங்கள் நிறைய. சட்டையில் துடைத்து மறுபடி மேகசினில் போடாதீர்கள். கீழே விழுந்த தோட்டாவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. என்ன செய்வது?

குழலைத் தாளை நோக்கியே பிடித்தபடி 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். பின் பதிந்த அடையாளம் ஆழமாக இருந்தால் தோட்டாவின் குறை. லேசாக இருந்தால் பிஸ்டலில் கோளாறு: பின் ஓடும் துளையில் கரி, அல்லது தளர்ந்த ஸ்பிரிங்.

இதைவிட ஆபத்தானது ‘டுப்’ என்ற மங்கிய சத்தம். சத்தம் குறைந்து, தாளிலும் ஓட்டை விழவில்லை என்றால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நிற்கலாம். காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று சேம்பர் பக்கத்திலிருந்து பாருங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், ரேஞ்ச் அதிகாரியிடம் காட்டுங்கள்.

தேர்தல் வந்தால் பிஸ்டலை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வாரக்கணக்கில் அங்கே இருந்தால் துருப்பிடிக்காதா?

பிடிக்கும், நீங்கள் அப்படியே கொடுத்தால். ஒப்படைக்கும் முந்தைய நாள் உப்பு துடைத்து, குழல் உள்பட வழக்கத்தைவிடத் தாராளமாகத் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, வி.சி.ஐ. தாளில் சுற்றி, கடினமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துக் கொடுங்கள். சரிபார்க்க வரிசை எண் தெரியும்படி தாளைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். ரசீதில் மேகசின் எத்தனை என்பதும் இருக்கட்டும். அந்தச் சின்னத் தகடு தொலைந்தால் மாற்று கிடைக்காது. திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடைத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் ஒன்றை நம்ம ஊர் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

கூடாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடை மூலமாகவே போங்கள். ட்ரிகரை இன்னும் லேசாக்கித் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை: 25 மீட்டர் ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டியில் ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம் தாங்க வேண்டும். அதற்குக் கீழே போனால் போட்டியிலும் அனுமதியில்லை, பாதுகாப்பும் இல்லை.

ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

கெடுதல்தான், குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். குண்டில் மட்டுமல்ல, விளிம்பு மருந்திலும் ஈயச் சேர்மம் இருக்கிறது, அது புகையாக வரும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை, முகம் கழுவாமல் டீயும் வடையும் தொடாதீர்கள். சுத்தம் செய்த துணிகளைத் தனிப் பையில் கட்டுங்கள். அந்த வேலையைச் சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள். ரேஞ்ச் சட்டையைக் குழந்தைகளின் துணியோடு துவைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சுடுவதில் ஆர்வமில்லை. வைத்திருக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. சுடாத பிஸ்டலுக்கும் மேலே சொன்ன துடைப்பும், லைசென்ஸ் புதுப்பிப்பும், தேர்தல் தோறும் ஒப்படைப்பும் உண்டு. ஆர்வமில்லாத வீட்டில் அது இரண்டு மழைக்காலத்தில் கெட்டுவிடும். காவல் நிலையத்தில் அல்லது வியாபாரியிடம் ஒப்படைத்த நிலையிலேயே, ஆட்சியர் அலுவலக அனுமதியோடு, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கோ வியாபாரிக்கோ விற்கலாம். அதிகக் காலம் கேட்பாரற்றுக் கிடந்தால் அரசே எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது, எனவே முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். போட்டிக்குப் பழகும் இளைஞர் யாராவது வாங்குகிறாரா என்று முதலில் ரைபிள் கிளப்பில் கேளுங்கள். இந்த பிஸ்டல்களுக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. விற்கும்போது பழைய மேகசின்கள், கைப்பிடியின் அசல் திருகுகள், தாத்தா காலத்துக் கையேடு இருந்தால் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.